வங்காளத்து இனிப்பும் மக்கள் வரலாறும்

அயலயலே அமைந்த இரு மாநிலங்கள் ஓர் இனிப்புப் பண்டத்துக்காக வாதாடிய விந்தையை அண்மைக்கால இந்தியா கண்டது. ரசகுல்லா எங்களுடையது என்றது மேற்கு வங்காளம். பூரி ஜகந்நாதர் கோயிலிலே வழிவழியாகத் திருமகளுக்குப் படைக்கப்படுவது அது என்றது ஒடிசா. 2017ஆம் ஆண்டு வங்காள ரசகுல்லாவுக்கும் 2019ஆம் ஆண்டு ஒடிசா ரசகோலாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும், முதலிற் செய்தவர் யார் என்ற வினாவினும் பெரிய வினா ஒன்று உண்டு. அவ்வினிப்பு யாருடைய உழைப்பால் விளைந்தது? யாருடைய நாவுக்கு எட்டியது? யாருக்கு எட்டாதுபோயிற்று? பண்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வினாவைத் தொடுவது அரிது.

வங்காளத்தின் பழைய இனிப்பு வெல்லத்தின் இனிப்பாகும். கௌடம் என்னும் நாட்டுப் பெயரே வெல்லத்தைக் குறிக்கும் 'குட' என்ற வடசொல்லின் அடியாகப் பிறந்தது எனக் கருதுவோரும் உளர். நாம் பொங்கற் பானை ஏற்றும் நாளை ஒட்டி வருவது அவர்களுடைய பௌஷ சங்கராந்தி. அந்நாளில் அரிசிமா, தேங்காய்ப்பூ, வெல்லம் ஆகியவற்றைக் கொண்டு பிட்டா எனப்படும் பலகாரங்களைக் கிராமத்து வீடுகளிற் செய்வர். நெற்பொரியை வெல்லத்துடன் சேர்த்து உருட்டும் மோவாவும் அக்காலத்துக்கு உரியதே. தென்வங்கத்து ஜயநகர் அதற்குப் பெயர்பெற்றது.

இவற்றுக்கு மணமூட்டும் வெல்லம் ஈச்சமரத்திலிருந்து வருவது. மரமேறிச் சாறு இறக்குபவரைச் சியுலி என்பர். மரம் பெரும்பாலும் பிறருடையது; பனிக்காலத்துக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார். மாலையில் மரத்தைச் சீவி முட்டி கட்டுவார். பொழுது புலருமுன் இறக்கிவிடுவார். வைகறையிற் பருகினால் அச்சாறு தேனெனத் தித்திக்கும்; வெயில் ஏறினாற் புளித்துவிடும். ஆகவே குளிரும் இருளும் அகலுமுன் அவர் வேலை தொடங்கியாக வேண்டும். பனையேறும் தொழிலாளரை அறிந்த நமக்கு இவ்வாழ்வின் கடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கிராமத்தின் இனிப்பு இவ்வாறிருக்க, கல்கத்தாவின் இனிப்பு வேறொரு சமூக அமைப்பிலே வளர்ந்தது. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தார்களின் நிலையை உறுதிப்படுத்திற்று. அவர்களுட் பலர் உழவர் செலுத்திய வாரத்தைக் கொண்டு நகரத்தில் மாளிகை கட்டி வாழ்ந்தனர். அவர்களுடைய விருந்துகளும் விழாக்களும் மொய்ரா எனப்படும் இனிப்புத் தொழிலாளரின் கைத்திறனை வேண்டி நின்றன. பாலைத் திரித்து நீரை வடித்தெடுக்கும் சானாவே அத்திறனுக்கு அடிப்படை. இப்பழக்கம் ஹூக்ளிக் கரையில் வாழ்ந்த போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது என்பாரும், அதனை மறுப்பாரும் உளர். 1868ஆம் ஆண்டிற் பாக்பஜாரைச் சேர்ந்த நொபின் சந்திர தாஸ் சானா உருண்டையைச் சீனிப்பாகிற் கொதிக்கவைத்து ரசகுல்லாவை உருவாக்கினார் என்பது வங்காளிகளின் கூற்று. மகாதேசாதிபதியின் மனைவியான கானிங் சீமாட்டியின் பெயரோ லெடிகெனி என்ற பண்டத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்சியாளரின் பெயர் பண்டத்திலே நிலைத்தது. அடுப்பின் வெம்மையில் நின்று சானாவைப் பிசைந்த கூலியாள்களின் பெயர்களோ எவ்வேட்டிலும் ஏறவில்லை.

சீனிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1834ஆம் ஆண்டு தொடங்கிக் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அத்தீவின் சீனி பிற்காலத்தில் இந்தியச் சந்தைக்கே வந்து சேர்ந்தது. நம் மலையகத்தின் கதையை அறிந்தவர் இதன் பொருளை உணர்வர்.

பின்னர் வந்தது 1943. அப்பெரும் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் என மதிப்பிடுவர். நெல் விளைத்த மக்கள் கல்கத்தாவின் தெருக்களிலே சோறு கேட்கவும் துணியாது, சோறு வடித்த கஞ்சித்தண்ணீரை இரந்தனர். ஈச்சஞ்சாறு பருகிய நாட்டின் பானம் அன்று அதுவாயிற்று! உணவே இல்லாமையால் மட்டும் பஞ்சம் தோன்றுவதில்லை, உணவைப் பெறும் ஆற்றலை மக்கள் இழப்பதாலும் தோன்றுகிறது என 1981ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அமர்த்தியா சென் நிறுவினார். உணவு நிறைந்த கடைகளின் முன்னே மனிதர் மடிந்த காட்சிக்கு இதனிலும் தெளிவான விளக்கம் வேண்டுமா?

விடுதலை பெற்ற பின்னரும் இம்முரண்பாடு தீரவில்லை. 1965ஆம் ஆண்டு பிரபுல்ல சந்திர சென்னின் காங்கிரஸ் அரசு சானா இனிப்புகளுக்குத் தடை விதித்தது. குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் பால் வேண்டும் என்பது அரசு காட்டிய காரணம். அந்நோக்கத்தைக் குறைகூறுதல் இயலாது. வாடும் குழந்தையின் பாலைவிட விருந்தினரின் இனிப்புப் பெரிதன்று. ஆனால், தடையொன்றினால் மட்டும் பால் ஏழையின் குடிலுக்கு நடந்து சென்றுவிடுமா? அதனை வாங்கும் காசு அவன் கையில் இருந்ததா? சுமை முதலில் விழுந்தது மொய்ராவின் மீதும், சானா விற்றுப் பிழைத்த சிறு பாற்காரர் மீதுமே. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் தவித்த அவ்வேளையில், 1966 பெப்ரவரியில் பசிர்ஹாட் வட்டாரத்தில் நூருல் இஸ்லாம் என்ற பள்ளி மாணவன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானான். உணவு கேட்ட போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வரசு வீழ்ந்தது. முதலமைச்சரும் தமது தொகுதியிலே தோற்றார்.

இனிப்பை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. உழைக்கும் மனிதனின் கைத்திறன் படைத்த அழகிய பொருள்களுள் அதுவும் ஒன்று. அது வங்காளத்தினதா ஒடிசாவினதா என்பதைக் குறியீடு தீர்த்துவைக்கலாம். பனியிலே மரமேறும் சியுலியின் பிள்ளையும், பாகு காய்ச்சும் கூலியாளின் பிள்ளையும் வயிறார உண்டபின் அதனைச் சுவைக்கும் நிலையை எந்தக் குறியீடும் தந்துவிடாது. மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் நாம் தட்டிலுள்ள பண்டத்தோடு நின்றுவிடாது, அதனை ஏந்திவந்த கைகளையும் அவர்களுக்குக் காட்டுதல் வேண்டும்.