அறுவை மருந்தின் தீங்கும் நோயாளியின் உரிமையும்

நல்லதண்ணி லயமொன்றில் வாழும் முதியவர் ஒருவருக்குக் கண்புரை முற்றிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மஸ்கெலியாவுக்கு இறங்கி, ஹட்டனைக் கடந்து, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். துணைக்குப் போகும் மகளின் ஒருநாட் சம்பளமும் அத்தோடு போயிற்று. 2023 ஏப்ரலில் அவ்வைத்தியசாலையில் கண் அறுவை செய்துகொண்ட சிலர், ஒளியைத் தேடிப் போய் இருளைப் பெற்றுத் திரும்பினர். அறுவைக்குப்பின் இடப்பட்ட பிரெட்னிசொலோன் என்னும் சொட்டுமருந்தே காரணமெனக் கண்டு, அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. அது இந்தியாவின் குஜராத்தில் தயாரானது.

இதனைப் 'பக்கவிளைவு' என்ற சொல்லால் மூடிவிட முடியுமா? பிரெட்னிசொலோன் அழற்சியைத் தணிப்பது. கூடவே உடலின் எதிர்ப்பாற்றலையும் தணிப்பது. நெடுநாள் இட்டால் கண்ணின் அழுத்தம் உயரக்கூடும். இவை மருந்தோடு பிறந்த தீங்குகள். வைத்தியர் அறிந்து, நோயாளிக்கு அறிவிக்க வேண்டியவை. புட்டியில் கிருமி குடியிருப்பதோ வேறு சங்கதி. அது மருந்தின் குணமன்று, மனிதரின் குற்றம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதாக இருந்ததில்லை. 1848 ஜனவரியில், இங்கிலாந்தில், கால்நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஹன்னா கிரீனர் மேசையிலேயே மாண்டாள். இதயம் நின்றதா, மூச்சு நின்றதா என்ற வாதம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. நிஜாமின் பொருளுதவியோடு 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் இரு ஆய்வுக் குழுக்கள் கூடின. நாய்களை நூற்றுக்கணக்கில் பலியிட்டபின், இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை, மூச்சைக் கவனித்தாற் போதும் என்றன. அம்முடிவு தவறென்பதை, 1911இல் லெவி என்ற ஆய்வாளர் காட்டினார். இடையில் எத்தனை பேர் மேசையிலிருந்து எழவில்லையோ!

நம் தீவுக்கு வருவோம். பேராசிரியர் சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கை, மருந்து இறக்குமதியை ஓர் அரச கூட்டுத்தாபனத்தின் கையில் ஒப்படைக்கச் சொன்னது. வணிகப் பெயர்களைத் தள்ளி மூலப்பெயரால் வாங்கச் சொன்னது. சில ஆண்டுகளே அது முழுமையாக இயங்கியது. 1977இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கயானாவில் பிபிலே காலமானார். 2015இல் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்தது உண்மைதான். ஆனால் விசேட சூழ்நிலைகளில் பதிவின்றியே மருந்தை இறக்கும் கதவொன்று அச்சட்டத்திலேயே இருந்தது. 2022இன் நெருக்கடியில் அக்கதவு அகலத் திறந்தது. 2023 செப்டம்பரில் சுகாதார அமைச்சர்மீது வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை 113க்கு 73 என்று தோற்றது. அதே அமைச்சர், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார்.

சரி, கண்ணை இழந்தவர் எங்கே போவார்? 1978 யாப்பின் 12ஆம் உறுப்புரை 'குடிமக்கள்' என்னாமல் ஆட்கள் எல்லோரையும் சட்டத்தின்முன் சமமாக்குகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களுக்கு இச்சொல்லின் அருமை தெரியும். அரச வைத்தியசாலையின் செயலால் இவ்வுரிமை மீறப்பட்டதாயின், 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ஒரே மாதத்துக்குள்! அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. இதைத் தோட்டத்து மாணவர் ஒருவராவது அறிந்திருந்து, தம் வீட்டாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற வழி, மாவட்ட நீதிமன்றில் நட்டஈட்டு வழக்கு. அவகாசம் இரண்டு ஆண்டு. இங்கே உரோம டச்சுச் சட்டம் ஆளுகிறது. கவனக்குறைவைக் காட்டினால் மட்டும் போதாது. அதனாலேயே தீங்கு விளைந்தது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். குழந்தை ஒன்றின் மரணம் பற்றிய வழக்கில், மாவட்ட நீதிமன்றம் விதித்த 50 இலட்ச ரூபாவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், காரணத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லையென அதனையும் தள்ளியது.

அத்தொடர்பை மெய்ப்பிக்கும் சான்றுகள் எவர் வசம் இருக்கின்றன? புட்டியின் தொகுதி எண்ணும், ஆய்வுகூட அறிக்கையும், படுக்கைச் சீட்டும் வைத்தியசாலையின் அலமாரியில் இருக்கின்றன. வீடு திரும்பும் தொழிலாளியின் கையில் இருப்பது ஒரு கிளினிக் கொப்பி. அதிலுள்ளதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.