நனையாத நிலம்: யோசப் வாஸ் அடிகளாரின் மழைப் புதுமையும் வட்டவளைப் பார்வையும்

1696இல் கண்டி இராச்சியம் வறட்சியில் வாடியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், கத்தோலிக்கக் குருவான யோசப் வாஸ் அடிகளாரை மழைக்காக மன்றாடக் கேட்டான். அவர் நகரச் சதுக்கத்தில் பீடம் அமைத்து, சிலுவை நாட்டி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை. கத்தோலிக்க மரபு போற்றும் இந்நிகழ்வு மழைப் புதுமை என்றே பேசப்படுகிறது. அந்தப் பெயர், இக்காட்சியைத் தீட்டும் ஓவியத்தின் உயிர்நிலையை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வறட்சி மாதக்கணக்கில் நீள்வது. ஓவியமோ ஒரு கணத்தையே காட்ட வல்லது. பெய்யும் மழையை மட்டும் வரைந்தால், பருவமழையில் நனையும் ஒரு குருவைத்தான் காண்போம். உலர்ந்த பீடத்துணி, ஈரம் படாத அங்கி, முழங்காலடியில் வெளிறிய மண் ஆகியவை சேரும்போதுதான் மழை புதுமையாகிறது. கதை மழையில் முடிகிறது. ஓவியம் உலர்நிலத்தில் நிற்கிறது.

இதை வட்டவளையில் நின்று பார்த்தால் தெளிவாக விளங்கும். கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த இம்மலைப்பகுதி இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று; ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கண்டி நகர் பெறுவது அதில் பாதிகூட இல்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தலையில் பொலித்தீனும் இடுப்பில் படங்குமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையேறுகிறார்கள். கூடைக் கயிறு நெற்றியில் ஊறுகிறது; கால்விரலிடுக்கில் அட்டை ஏறுகிறது. நிறுவையில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு உண்டு. நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. முதுகில் சுமந்த மழை கணக்கில் சேர்வதில்லை. இந்த மண்ணில் வானத்திடம் மழை கேட்கத் தேவையில்லை. நனையாமல் நிற்க ஓரிடம்தான் அரிது.

இவர்களின் முன்னோரான தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்காக மலையேறியது 19ஆம் நூற்றாண்டில். அவர்கள் வாழ்வை 1696இன் நிகழ்வில் ஏற்றிப் பார்ப்பது பொருந்துமா என்று கேட்கலாம். உலர்நிலம் நாம் புகுத்தியதன்று; கதையிலேயே உள்ளது. பஞ்சத்துக்கு அஞ்சிய கண்கள் மழையில் நிலைத்தன. மழையில் உழைக்கும் கண்கள் அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தைக் காண்கின்றன. அடிகளாரும் இவர்களுக்கு அந்நியரல்லர். கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தவர்; தமிழ் கற்றவர்.

2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இனி மலையகக் கோவில்களுக்கு இக்காட்சியைத் தீட்டுவோர், மழைத்தாரைகளுக்குக் கொடுக்கும் கவனத்தை அந்த முழ அளவு உலர்மண்ணுக்கும் கொடுக்க வேண்டும். ஈரப் படங்கோடு வந்து முழந்தாளிடும் ஒருத்தியின் கண் முதலில் தேடுவது அதையே.