கடலடிச் செய்திகள் மோதாதிருக்க

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களைக் காவுகொண்டபோது, இந்து சமுத்திரத்தின் ஆழ்கடலில் அதனை உணர்ந்து எச்சரிக்கும் மிதவை ஒன்றேனும் இருக்கவில்லை. 2006 டிசெம்பரில், அமெரிக்க உதவியுடன், தாய்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலில் அத்தகைய மிதவையொன்று நிறுத்தப்பட்டது. கடலடியிலுள்ள அழுத்தமானி மிதவைக்கு அறிவிக்க, மிதவை அதனைச் செய்மதிக்கு அனுப்பும். வானொலி அலைகளை உவர்நீர் விரைவில் விழுங்கிவிடுவதனால், கடலடியிலிருந்து மிதவை வரை ஒலியே தூது செல்கின்றது.

ஒரு கருவியும் ஒரு மிதவையும் மட்டுமெனில் சிக்கல் குறைவு. பல கருவிகள் ஒரே நீர்ப்பரப்பில் பேச முற்படும்போதே செய்திகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைகின்றன. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்திலேயே செல்லும்; இது வானொலி அலையிலும் இரண்டு இலட்சம் மடங்கு மெதுவானது. 3 கிலோமீற்றர் இடைவெளியில் இரு கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று பேசத் தொடங்கியதை மற்றையது அறிய 2 செக்கன்கள் செல்லும். அதற்குள் அதுவும் அமைதியென நம்பிப் பேசத் தொடங்கினால், நடுவிலுள்ள கருவிக்கு இரண்டுமே விளங்காது. 'கேட்டபின் பேசு' என்ற தரைவழக்கம் கடலில் பொய்த்துப் போவது இவ்வாறுதான். மறுபுறம், ஒரே கணத்தில் புறப்பட்ட செய்திகள் வெவ்வேறு தூரங்களிலிருந்து வருமாயின் மோதாமலே வந்து சேரலாம். புறப்படும் நேரமன்று, வந்தடையும் நேரமே இங்கு முக்கியமானது.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழுவினர் இயக்கிய 'அலோஹா' வானொலி வலையமைப்பில், எவரும் விரும்பியபோது அனுப்பலாம். பதில் வராவிடின் எழுமாறாகக் காத்திருந்து மீண்டும் அனுப்பலாம். இம்முறையில் அலைவரிசையின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்கிட்டாது. நேரத்தைக் கூறுகளாகப் பிரித்தால் அது 37 சதவீதமாகும். ஆனால் கடலில், ஒலி வந்துசேரும் தாமதத்துக்கெனக் கூறுகளிடையே காவல் நேரம் விடாவிடின், அந்த இலாபமும் கரைந்துவிடும்.

அனுமதி கேட்டுப் பேசுவது இன்னொரு வழி. 3 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அனுமதி பெறவே 4 செக்கன்கள் வீணாகும். நிலையாக நிறுத்தப்பட்ட, தூரம் தெரிந்த சில கருவிகளுக்கு முறைவைத்துப் பேசும் அட்டவணையே பொருத்தமானதென நாம் கருதுகின்றோம். அனர்த்த வேளையில் கருவிகள் யாவும் ஒருங்கே கூக்குரலிடும். எழுமாறு முறை அதிகம் தடுமாறுவதும் அப்போதே. மின்கலத்தை மாற்றக் கப்பலே செல்லவேண்டியிருப்பதால், மீள அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் செலவுதான்.

2017இல் நேட்டோ அங்கீகரித்த 'ஜேனஸ்' நியமத்தில், பேசுமுன் கேட்பதோடு, அலைவரிசையை முற்பதிவு செய்யவும் இடமுண்டு. அதன் அடிப்படை வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ 80 பிற்றுகள் மட்டுமே. படம் அனுப்ப அது உதவாது. 'அலை எழுந்துவிட்டது' என்று சொல்லப் போதும்.