விப்பெட் ஆண்நாய்களும் அவற்றை மதிப்பிடும் முறையும்

விப்பெட் என்பது கிரேஹவுண்டை ஒத்த உருவமும் அதனினும் சிறிய சரீரமும் வாய்ந்த, இரையை மோப்பத்தால் தேடாமல் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் வேட்டைநாய் வர்க்கத்தைச் சேர்ந்த ஆங்கில நாயினமாகும். அவ்வினத்துக்கென்றே அமைந்த சங்கம் நடத்தும் கண்காட்சியில் ஆண்நாய்களும் பெட்டைகளும் தனித்தனியே நடுவர் முன் நிறுத்தப்பட்டு, ஆண்களுள் முதன்மை பெற்றதும் பெட்டைகளுள் முதன்மை பெற்றதும் இறுதியில் எதிரெதிரே நின்று, இனத்தின் தலைசிறந்த நாய் எதுவெனத் தீர்மானிக்கப்படும். வழக்கமாக ஆண்நாய்களே முதலில் களத்துக்கு அழைக்கப்படுகின்றன. நடுவரின் பொறுப்பு மிகுந்த பகுதி இதுவே என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெட்டை தன் ஆயுட்காலத்தில் சில ஈற்றுக் குட்டிகளையே ஈனும். பரிசு பெற்றுப் பெயரெடுத்த ஆண்நாயோ பல ஊர்ப் பெட்டைகளோடு இணைசேர்க்கப்பட்டு, தன் குணத்தையும் குற்றத்தையும் ஓரிரு தலைமுறைக்குள் இனம் முழுவதிலும் பரப்பிவிட வல்லது.

இவ்வினத்தின் பூர்விகம் அரண்மனைச் சரித்திரம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும், கிரேஹவுண்டை வைத்துப் போஷிக்க வசதியற்ற நிலையில், முயல் பிடிப்பதற்கும் ஓய்வுநாட் பந்தயத்துக்கும் வளர்த்த நாய் இது. ஏறத்தாழ 200 கஜ நீளமுள்ள தடத்தின் ஒரு முனையில் நாயைப் பற்றி நிற்பவன் அதை விடுவிக்க, மறுமுனையில் உடையவன் துணியொன்றை வீசிக் கூவியழைக்க, அத்துணியை நோக்கி நாய்கள் பாய்ந்தோடுவதே அப்பந்தயம். லண்டனில் 1873-இல், நாயினங்களைப் பதிந்து அங்கீகரிக்கும் கென்னல் கிளப் தோன்றியது. அமெரிக்கக் கென்னல் கிளப் 1888-இல் விப்பெட்டைத் தனியினமாக ஏற்க, இங்கிலாந்திலும் அடுத்த சில ஆண்டுகளில் அந்த அங்கீகாரம் கிடைத்து, 1899-இல் விப்பெட் கிளப் நிறுவப்பட்டது. 1964-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் கோர்ட்னி ஃப்ளீட்ஃபுட் ஆஃப் பென்னிவொர்த் என்ற ஆண் விப்பெட் அனைத்தினங்களையும் வென்றது. இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 1992, 2004, 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் முதற்பரிசு இவ்வினத்துக்கே வாய்த்தது.

நடுவருக்குப் பிரமாணமாவது இன லட்சணப் பத்திரம். எஃப்.சி.ஐ. எனப்படும் சர்வதேச நாயியல் சம்மேளனத்தின் பத்திரப்படி ஆண் விப்பெட்டின் உயரம் தோளளவில் 47 முதல் 51 சென்டிமீட்டர். பெட்டைக்கு 44 முதல் 47. அமெரிக்கப் பத்திரமோ ஆணுக்கு 19 முதல் 22 அங்குலம் வரை இடமளித்து, அவ்வெல்லைக்கு அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்தாலும் குறைந்தாலும் போட்டியிலிருந்தே நீக்கச் சொல்கிறது. ஆண்நாய்களின் விஷயத்தில் இந்த உயரமே ஓயாத விவாதத்துக்கு இடம். உயர்ந்த நாய் வரிசையில் நிற்கும்போது கண்ணைக் கவரும். கண்ணைக் கவர்ந்ததற்குப் பரிசு கிடைத்தால் அடுத்த தலைமுறை இன்னும் சிறிது உயரும். இவ்வாறே போனால் சிறிய உடலில் பெருவேகத்தை அடக்கிவைத்த இந்த நாய் கிரேஹவுண்டின் குறைப்பிரதியாக முடியும். ஆண்மையின் கம்பீரம் தலையிலும் கழுத்திலும் மார்பின் ஆழத்திலும் தொடைத் தசையிலும் தெரிய வேண்டுமேயன்றி, அளவுகோலில் அன்று.

களத்தை நம் நாட்டுக் கண்காட்சிகளிலும் ரிங் என்றே வழங்குகின்றனர். வயதும் தகுதியும் பார்த்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்ட நாய்களை, அவற்றை நடத்திக் காட்டும் ஹேண்ட்லர்கள் தோல்வாரில் பிடித்து ஒரு சுற்று ஓட்டி வருவர். பிறகு ஒவ்வொரு நாயாக மேசைமேல் ஏற்றி நிறுத்தப்படும். நடுவர் உடனே கைவைப்பதில்லை. சில அடி விலகிப் பக்கவாட்டில் நின்று, கழுத்திலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தொடைக்கும் ஓடும் கோடு எங்கேனும் முறிகிறதா என்று பார்ப்பார். விப்பெட்டின் இடுப்பில் ஒரு வளைவு உண்டு. அது இடுப்பின்மேல் மட்டும் மெல்ல எழுந்து தாழவேண்டும். முதுகின் நடுவிலேயே கூன் தொடங்கினாலும், வளைவேயின்றிப் பலகைபோற் கிடந்தாலும், இரண்டும் குற்றமே. ஓடும்போது பின்னங்கால்கள் உடலின் கீழ் வெகுதூரம் முன்வந்து ஊன்றுவதற்கு அந்த இடுப்பே வில்லாக வளைந்து நிமிர்கிறது.

அதன் பின்னரே கை வேலை செய்யத் தொடங்கும். உதட்டை விலக்கி, மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையை முன்புறமாக ஒட்டி மூடுகிறதா என்று பார்ப்பர். காது சிறியதாய்ப் பின்னோக்கி மடிந்திருக்க வேண்டும். கண் நீள்வட்டமாய்ச் சுறுசுறுப்போடிருக்க வேண்டும். கழுத்தின் தசையை வருடிக்கொண்டே இறங்கும் விரல்கள் தோள்பட்டை எலும்புகளின் மேல்நுனிகளில் ஒரு கணம் தங்கும். அந்நுனிகளுக்கிடையே தகுந்த இடைவெளி இல்லையெனில், ஓட்டத்தில் தலை தாழும்போது எலும்புகள் ஒன்றையொன்று நெருக்கும். தசையின் மினுக்கில் மறைந்திருக்கும் இந்தக் குற்றத்தைப் பார்வையாளர் எவரும் அறியார், தொட்ட விரல் மாத்திரம் அறியும். மார்பு முழங்கை வரை ஆழ்ந்து, வயிறு மேல்நோக்கி ஒடுங்கியிருப்பதை உறுதி செய்தபின், பாதமொன்றைத் தூக்கிக் கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்திப் பார்ப்பர். தடித்த மெத்தை, மேல்நோக்கி வளைந்த விரற்கணு, ஒன்றோடொன்று ஒட்டாத விரல்கள் ஆகியவை ஓடும் நாய்க்கு மூலதனம். தட்டையான பாதமுள்ள நாய் எத்துணை அழகிய தலை வாய்த்ததாயினும் கரடுமுரடான நிலத்தில் ஒரு நாழிகை தாங்காது.

ஆண்நாய்க்கு மட்டுமே உரிய பரிசோதனை ஒன்றுண்டு. விதைகள் இரண்டும் முறையாக விதைப்பையில் இறங்கியிருக்கின்றனவா என்பதை நடுவர் கையால் அறிய வேண்டும். லட்சணப் பத்திரம் இதை வெளிப்படையாகவே கோருகிறது. ஒரு விதை உடலுக்குள்ளேயே தங்கிப்போவது வம்சவழியாகத் தொடரக்கூடிய குறை. அவ்வாறு தங்கியது பிற்காலத்தில் கட்டியாக மாறும் அபாயமும் சாதாரண நாயைவிட அதிகம். கூச்சத்தாலோ அவசரத்தாலோ இச்சோதனையைப் பேருக்கு முடிக்கும் நடுவர், தாம் ஒருபோதும் காணப்போகாத குட்டிகளுக்குத் தீங்கிழைத்தவர் ஆகிறார்.

பிறகு நடை. நாயை நடுவரிடமிருந்து நேரே விலகியும், நேரே அவரை நோக்கியும், பக்கவாட்டிலும் ஓட்டிக் காட்டவேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது முன்னங்கால்கள் புல்லின் நுனியை வருடுவது போலத் தாழ்ந்து, வெகுதூரம் முன்னே நீளவேண்டும். பின்னங்கால்கள் உடலின் கீழ் வந்து வலுவாக உந்தவேண்டும். குதிரைக் குட்டிபோல் முழங்காலை உயர்த்தி மிதிக்கும் நடைக்குப் பார்வையாளரிடம் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த உயர்வில் செலவாகும் சக்தி தூரத்தில் சேராது என்பதால் அது குற்றமெனவே கொள்ளப்படும். நிறத்துக்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்கப் பத்திரப்படி எந்த நிறமும் ஏற்புடையதே. உழைப்பாலோ விபத்தாலோ நேர்ந்த பழைய தழும்புகளைக் கொண்டு நாயைத் தாழ்த்தலாகாது என்ற கருத்து அமெரிக்கப் பத்திரத்தில் இடம்பெற்றிருப்பது, அழகுப் போட்டியாகிவிட்ட இவ்விடத்திலும் நாயின் ஆதித் தொழிலை ஒருவரும் அடியோடு மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

இந்தியாவில் விப்பெட்டுகள் சொற்பம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் விதிகளின்கீழ் நடைபெறும் கண்காட்சிகளிலும், உதகமண்டலத்தில் கோடைகாலத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் புகழ்பெற்ற கண்காட்சியிலும் வேட்டைநாய் வர்க்கத்துக்கு இடமுண்டு. ஆனால் இந்த மதிப்பீட்டுக் கலை தமிழ்நாட்டுக்கு அந்நியமானது என்று எண்ணுவது பிழை. அதற்குத் திருவண்ணாமலைச் சீமையே போதிய சான்று.

திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில், அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலும் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. நாய்க்குப் பெயரிட்டு, செயல் குறித்து, வீரனுக்குச் சமமாகக் கல்லில் இடமளித்த இச்செய்கை, இந்நாட்டில் நமக்குக் கிடைத்துள்ள நாய் மதிப்பீடுகளுள் மிக மேலானது என்பது என் துணிபு. இதே மாவட்டத்தில் பிற்காலத்திலும் நாய்க்கு மரியாதை குன்றவில்லை: திருவண்ணாமலை நகரின் ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதி எழுப்பப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

லட்சணம் பார்க்கும் கண்ணுக்கும் இங்கே குறைவில்லை. கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், பொலிகாளை வாங்க வந்த குடியானவன் செய்வதைக் கவனித்தால், ரிங்கில் நடுவர் செய்வதற்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே என்பது விளங்கும். அவனும் முதலில் விலகி நின்று பார்க்கிறான். பல்லைப் பிடித்து வயதறிகிறான். திமிலையும் குளம்பையும் தொட்டுப் பார்க்கிறான். நடக்கவிட்டுப் பின்னாலிருந்து நோக்குகிறான். பொலிக்கு விடும் காளை என்பதால் விதைகளையும் பார்க்கத் தவறுவதில்லை. சுழி பார்ப்பது ஒன்றே அவனுடைய தனிச் சாஸ்திரம்.

தமிழ்நாட்டின் சொந்த வேட்டைநாய்களான கன்னியும் சிப்பிப்பாறையும் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் முயல்வேட்டைக்கென வளர்ந்தவை. கருப்பு மேனியில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்டது கன்னி. ஒரே நிறமாய் இருப்பது சிப்பிப்பாறை என்பது பொது வழக்கு. விப்பெட்டைவிட உயர்ந்த இவை வெயிலுக்கும் வெடித்த நிலத்துக்கும் ஏற்ற நீண்ட கால்களை உடையவை. முதுகுக்கோடு பொதுவாக விப்பெட்டினுடையதைக் காட்டிலும் நேரானது. எனவே விப்பெட்டின் இடுப்பு வளைவை அளவுகோலாகக் கொண்டு கன்னி ஆணை மதிப்பிடுவது நியாயமாகாது. சு. தியடோர் பாஸ்கரன் 2017-இல் வெளியிட்ட இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் இவ்வினங்களின் சரித்திரத்தைப் பலரும் அறியச் செய்தது. 2018-இல் வெளிவந்த பரியேறும் பெருமாள் திரைப்படத்தின் கருப்பி என்ற நாய் அவற்றின் உருவத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

புகழ் வந்தபின் கூடவே வரும் ஆபத்துக்கு இராஜபாளையம் நாயே உதாரணம். 2005-இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற அந்த இனத்தில், தூய வெண்மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமே உயர்ந்த லட்சணமென்று விரும்பி, அந்நிறத்தையே திரும்பத் திரும்ப இணைசேர்த்து வந்ததன் விளைவாகப் பிறவிச் செவிடு பரவியது. காவலுக்குப் பேர்போன நாய்க்குக் காது கேளாமற் போவதைவிடக் கொடிய பரிகாசம் உண்டோ? ஆண்நாயை மதிப்பிடுபவர் மேனியின் அழகில் மயங்கினால் என்ன நேரும் என்பதற்கு வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல்வேட்டை இன்று குற்றம், அது நியாயமே. ஆகவே நாயின் வேகத்தை வேட்டையில் கண்டறிந்து, வென்ற நாயையே பொலிக்கு விட்ட பழைய வழி அடைபட்டது. உயிரற்ற பொம்மையைக் கயிற்றில் இழுத்து, அதன்பின் நாய்களை ஓடவிடும் பந்தயம் மேனாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. அதையும் ரிங் மதிப்பீட்டையும் இணைத்துக்கொள்வதே கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் தக்க வழி. சங்கங்கள் இவ்வினங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்துமானால், அந்நாய்கள் கரிசலில் ஓடக் கண்ட அனுபவசாலி ஒருவரையே ஆண்நாய்களுக்கு நடுவராக அமர்த்துதல் வேண்டும். வளர்ப்போரும் தத்தம் ஆண்நாயை இணைசேர்க்கக் கொடுக்கும் முன், பல்லையும் பாதத்தையும் விதைகளையும் காதின் கேள்வியையும் பரீட்சித்து, தாய் தந்தையின் விவரத்தை எழுத்தில் வைத்து, குறை கண்ட நாயை, எத்துணைப் பரிசு பெற்றதாயினும், வீட்டுக் காவலோடு நிறுத்திக்கொள்வார்களாக.