குட்டி யானைக்கு முன்னும் பின்னும்: எங்க ஊர் லோடு வண்டிகளின் கதை

டவுனில் முதல் வண்டி என்றால் பைக், அப்புறம் கார். எங்க பக்கம் கணக்கு வேற. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் ஒரு குடும்பம் நாலு சக்கரத்தில் முதன்முதலாக வாங்குவது பெரும்பாலும் லோடு வண்டிதான். அதுவும் புதுசு இல்லை, இன்னொருத்தர் ஓட்டிப் பழசான வண்டி. நம்பர் பிளேட் மஞ்சள் நிறத்தில் இருக்கும். வாரம் பூரா தக்காளி ஏற்றும், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பமே கோயிலுக்குப் போகும். ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம், அது தெரியாமல் இல்லைங்க. நடப்பைச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருத்தர், "கடன் வாங்கி இந்தப் பழைய வண்டி எதுக்கு? வாடகைக்கு எடுத்தால் போதாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல அறுபது எழுபது வருஷம் பின்னால் போகணும்.

மாட்டு வண்டிக் காலம்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரில் லோடு என்றால் மாட்டு வண்டி. கட்டை வண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றி வட்டை, அதுக்கு மேல் இரும்புப் பட்டா. பட்டா மாட்டுவது ஆசாரிக்கும் கொல்லருக்கும் சேர்ந்த வேலை. பட்டாவை வரட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆணி தேவையில்லை.

அப்புறம் டயர் வண்டி வந்தது. இரும்பு அச்சு, பேரிங், காற்றடித்த டயர். அதே ஜோடி மாடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம் இழுத்தது. கட்டை வண்டி தார் ரோட்டைக் கீறும், டயர் வண்டி கீறாது. ஆனால் டயர் வண்டி வந்ததும் ஆசாரிக்கு வேலை பாதியாகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு விவசாயி வாழ்க்கையில் போடுகிற பெரிய முதலீடு ஒரு ஜோடி மாடு. கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர் சந்தைக்கும் எங்க அப்பா போவார். வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயசுக் கணக்கு பல்லில் இருக்கும். அப்புறம் சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். கழுத்தில் நுகத்தடி அழுத்திய காய்ப்பு எவ்வளவு என்று தடவிப் பார்ப்பார். விற்கிறவர் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, எண்ணெய் தடவித்தான் நிறுத்தியிருப்பார். அந்தப் பளபளப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

பழைய வண்டி பார்க்கிற புத்தி எங்க ஊருக்கு மெக்கானிக் ஷாப்பிலிருந்து வரவில்லை. இந்தச் சந்தையிலிருந்துதான் வந்தது.

டெம்போ என்கிற பேர்

எங்க ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் எந்தச் சின்ன லோடு வண்டியைப் பார்த்தாலும் "டெம்போ" என்பார்கள். அது ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனி ஒன்றின் பேர். அவர்களுடைய ஹான்சீட் என்ற மூணு சக்கர வண்டியை இங்கே தயாரிக்க 1958-இல் பஜாஜ் டெம்போ கம்பெனி தொடங்கியது. 1969-இல் அதே கம்பெனியிலிருந்து மெட்டடார் வேன் வந்தது. 2005-இல் கம்பெனி தன் பேரையே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பேர் போர்டிலிருந்து போனாலும் எங்க ஊர் நாக்கிலிருந்து போகவில்லை.

பிக்கப் என்கிற வகை அமெரிக்காவில் விவசாயிகள் கையில் பிறந்தது என்று சொல்லலாம். ஃபோர்டு டி மாடல் காரின் பின்பக்கத்தை எடுத்துவிட்டு மரப்பெட்டி கட்டி, பண்ணைச் சாமான் ஏற்றினார்கள். 1925-இல் ஃபோர்டு கம்பெனியே பெட்டி வைத்த வண்டியை 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. இங்கே நிலைமை வேற. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே அரசாங்க லைசன்ஸ் வேண்டியிருந்த காலம் அது. 80-களில்தான் கட்டுப்பாடு தளர்ந்தது. ஜப்பான் கூட்டோடு சுவராஜ் மஸ்தா, டி.சி.எம். டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிஸான் வந்தன. 1986-இல் டாடா 407 வந்தது. எல்லாம் நல்ல வண்டிதான், ஆனால் ரெண்டு ஏக்கர்காரன் வாங்குகிற வண்டி இல்லை. வாங்கியவர்கள் கமிஷன் மண்டிக்காரர்கள், வாடகைக்கு ஓட்டியவர்கள்.

அதனால் என்ன நடந்தது? ரோட்டோரம் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு வாடகை வண்டிக்குக் காத்திருக்கணும். அவர் நாலு ஊர் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் மார்க்கெட்டில் வியாபாரம் பாதி முடிந்திருக்கும். கேரளாவுக்குப் போகிற லாரி கிளம்பிவிட்டால் விலை இறங்கிவிடும். வண்டிக்காரர் எந்த மண்டியில் இறக்குகிறாரோ அதுதான் நம்ம மண்டி. சில ஊர்களில் வண்டியும் மண்டியும் ஒரே ஆள்.

1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைக் கருணாநிதி திறந்து வைத்தார். இடைத்தரகர் இல்லாமல் நாமே விற்கலாம் என்றானது. பெரிய விஷயம். ஆனால் விடியற்காலையில் காய் அங்கே போய்ச் சேரணுமே. முதல் பஸ்ஸில் மூட்டையோடு ஏறியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

2005

அந்த வருஷம் மே மாதம் டாடா ஏஸ் வந்தது. கிரீஷ் வாக் என்கிற இன்ஜினியர் தலைமையில் ஒரு குழு செய்த வண்டி. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைச் சக்தி, 750 கிலோ பாரம், விலை சுமார் 2.25 லட்சம். 750 கிலோ என்பது எங்க அப்பா கட்டை வண்டியில் ஏற்றிய பத்து மூட்டைக் கணக்கு. மாட்டுக்கு மூணு மணி நேரம், இதுக்கு அரை மணி நேரம்.

வண்டி செய்வதற்கு முன்னால் அந்தக் குழு மூணு சக்கர லோடு ஆட்டோக்காரர்களிடம் போய் என்ன வேணும் என்று கேட்டதாம். அதில் ஒரு பையன், நாலு சக்கர வண்டி இருந்தால் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. சிரிக்காதீங்க, எங்க ஊரிலும் அது நிஜம்.

வடக்கே சோட்டா ஹாத்தி, நம்ம பக்கம் குட்டி யானை. விளம்பரத்தில் வந்த பேரை அப்படியே மனுஷப் பேர் மாதிரி ஆக்கிக்கொண்டோம். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன் ஏற்றும். மஹிந்திரா பொலிரோ பிக்கப் அதுக்கும் மேலே.

புது வண்டி வாங்கியவர்கள் நாலைந்து வருஷத் தவணை கட்டி முடித்ததும் பெரிய வண்டிக்கு மாறினார்கள். கட்ட முடியாதவர்களின் வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வகையும் பழைய வண்டிச் சந்தைக்கு வந்தன. அப்போதுதான் எங்களை மாதிரி ஆட்களுக்கு வண்டி எட்டியது.

பல் பார்ப்பது எப்படி

போன வருஷம் என் தம்பி மகன் வண்டி வாங்கணும் என்றான். வயசு 24. அவன் அம்மாவின் நகையை அடகு வைத்த காசு 2 லட்சம், அதுக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தப்பான வண்டி வாங்கினால் நகையும் போச்சு, மரியாதையும் போச்சு. "பெரியப்பா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். மூணு வண்டி பார்த்தோம்.

முதல் வண்டி பிடித்த வண்டி. விலை ரொம்பக் குறைவு, பெயின்ட் பளபளன்னு இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் சேசிஸ் முழுக்கப் புதுசாகக் கருப்பு அடித்திருந்தது. எண்ணெய் தடவிய மாடு! கையால் தடவிப் பார்த்தேன், லோடு பாடி உட்காருகிற இடத்தில் வெல்டிங் மேடு தட்டியது. பின்னால் பிளேட் செட்டில் கம்பெனி கொடுத்ததுக்கு மேலே கூடுதலாகப் பிளேட் சொருகியிருந்தது. அளவுக்கு மேல் மணல், செங்கல் ஏற்றியதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

இரண்டாவது தோஸ்த். இன்ஜின் அருமை. ஆனால் மீன் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் சொட்டிச் சொட்டிப் பாடிக்குக் கீழே துரு அரித்திருந்தது. அதோடு ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் நீக்காமல் இருந்தது. "அது சும்மா ஃபார்மாலிட்டி, அப்புறம் தர்றேன்" என்றார் புரோக்கர். தவணை முடிந்தது என்றால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35-ஐக் காட்டணும். காட்டவில்லை என்றால் கிளம்பிவிடணும்.

மூணாவது 2016 மாடல் ஏஸ். ஒரு பேக்கரிக்கு ரொட்டி ஏற்றிய வண்டி, ஒரே ஓனர். பெயின்ட் மங்கியிருந்தது, பக்கவாட்டில் கீறல். தம்பி மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு மனசெல்லாம் பொலிரோ பிக்கப். நான் ஒன்றுதான் கேட்டேன்: "நம்ம தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி எடுக்கிறோம்?" நாற்பது பெட்டி. பெட்டிக்கு 14 கிலோ. 560 கிலோ, பெட்டி எடையும் சேர்த்தாலும் 750-ஐத் தாண்டாது. அதுக்கு மேல் வண்டி வாங்கினால் டீசலும் டயரும் நம்மைத் தின்னும்.

காலையில் வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தோம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஒரே இழுப்பில் பிடித்தது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தோம், புகை தள்ளவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் லேசாக ஆடியது. கிங் பின் தேய்மானம், அதைச் சொல்லி விலையில் குறைத்தோம். கிலோமீட்டர் மீட்டரை நான் நம்புவதில்லை. கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்தால் போதும், நுகத்தடிக் காய்ப்பு மாதிரிதான்.

பேப்பர் பார்க்கிற வேலை மாட்டுச் சந்தையில் இல்லாதது. சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் எடுக்கணும், எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கார் லைசன்ஸே இதுக்குப் போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது, 7,500 கிலோ வரைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பேர் மாற்றுவது. ஃபாரம் 29, 30 கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர். விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து.

இன்னொன்று. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 வண்டிதான் விற்பனை. புகை குறைவு, நாட்டுக்கு நல்லது. ஆனால் சென்சார் லைட் எரிந்தால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிற கடைக்குப் போகணும். பழைய ஏஸை எங்க ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு மரத்தடியில் சரி பண்ணுவார். முதல் வண்டி வாங்குகிறவனுக்கு ரிப்பேர்காரர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்பதும் ஒரு கணக்கு.

1,72,000-க்கு முடிந்தது. டயர் இரண்டு, பேட்டரி, கிங் பின் சேர்த்து 21,000. நகைக்காசில் மிச்சம் 7,000. அது இன்ஷூரன்ஸுக்கே பத்தவில்லை, மேலே நான் போட்டேன்.

வாடகையா, சொந்தமா

இப்போது சென்னைக்காரர் கேள்விக்கு வருகிறேன். தக்காளி பெட்டி 80 ரூபாய்க்கு இறங்கினால் நாற்பது பெட்டிக்கு 3,200. வாடகை 900. நூற்றுக்குப் பத்து கமிஷன் 320. இறக்குக் கூலி, பறிப்புக் கூலி போக ஒன்றும் இருக்காது. சொந்த வண்டியில் டீசல் 250-தான் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர், அடகு வட்டி எல்லாம் இருக்கு. எங்க தோட்டத்து லோடு மட்டும் என்றால் வருஷத்தில் பாதி நாள் வண்டி சும்மா நிற்கும். அப்படி நின்றால் வாடகைதான் லாபம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூணு பேர் காயையும் சேர்த்து ஏற்றினால்தான் கட்டுபடியாகும். அவன் அப்படித்தான் ஏற்றுகிறான், பெட்டிக்கு 15 ரூபாய்.

ஆனால் பணக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. போன மாசம் ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்கு விலை இல்லை என்று போனில் தெரிந்ததும், அவன் வண்டியைத் திண்டுக்கல் பக்கம் திருப்பினான். கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. எங்க அப்பா காலத்தில் மாடு போகிற தூரம்தான் மார்க்கெட். என் காலத்தில் வாடகை வண்டிக்காரர் இறக்குகிற இடம்தான் மார்க்கெட். எந்தச் சந்தைக்குப் போகலாம் என்று எங்க வீட்டில் ஒருத்தன் முடிவு பண்ணியது இதுதான் முதல் தடவை.