கத்தியும் காலமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுவைக்குக் காத்திருந்த ஓர் அம்மையாரிடம், "கிளினிக்குக்குப் போவதில்லையா?" என்று கேட்டேன். "போனா பேரு போயிருமேங்க ஐயா" என்றார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறுவை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதில் என் நினைவுக்கு வருகிறது.

1898இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வெர்த்தைம் என்பவர் வயிற்றைத் திறந்து, கருப்பையையும் அதைச் சுற்றிய திசுக்களையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார். தொடக்கத்தில் அறுவையே பலரைக் கொன்றது. அதே நகரில் பிரீட்ரிஹ் ஷவுத்தா 1901இல் யோனி வழியாக அறுவை செய்தார். உயிரிழப்பு குறைந்தது, ஆனால், நிணநீர்க் கணுக்களை அவ்வழியே எடுக்க இயலவில்லை. எது சிறந்தது என்னும் வாதம் நெடுங்காலம் நீடித்தது. கல்கத்தாவின் சுபோத் மித்ரா இரண்டையும் இணைத்தார்: கருப்பையை யோனி வழியாகவும், கணுக்களைத் தனி வெட்டு வழியாகவும் அகற்றினார். அம்முறை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

அதன் பின்னர் கத்தி மெல்லமெல்லப் பின்வாங்கியது. 1987இல் பிரான்சின் லியோன் நகரில் டானியல் டார்ஜான், கட்டி சிறிதாக இருந்த இளம் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தை அகற்றிக் கருப்பையைக் காத்தார். அவர்கள் பின்னர் தாயாகவும் முடிந்தது. சிறு துளை வழி அறுவையே மேலானது என்ற நம்பிக்கை பரவியிருந்த வேளையில், 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதைக் கலைத்தது: நாலரை ஆண்டுகள் கழித்து நோயின்றி வாழ்ந்தோர் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், சிறு துளை அறுவையில் 86 சதவீதம். 2024இல் வெளியான மற்றோர் ஆய்வோ, கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத, அபாயம் குறைந்த பெண்களுக்குச் சாதாரணக் கருப்பை நீக்கமே போதும் எனக் காட்டியது.

ஆனால், இத்தெரிவுகள் அனைத்தும் நேரத்தோடு வந்தவருக்கு மட்டுமே. நோய் முற்றி வருபவருக்குக் கதிர்வீச்சும் மருந்துமே பெரும்பாலும் வழி.

நேரத்தோடு கண்டறிவது பெருஞ்செலவுக் காரியமன்று. மலையக மக்களின் முன்னோரில் பலர் புறப்பட்டுவந்த பழைய மதுரை மாவட்டத்தின் பகுதியே திண்டுக்கல். அங்குத் தாதியர் நீர்த்த அசெற்றிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்த ஒரேயொரு பரிசோதனை, இந்நோயால் நேரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்ததென்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. இலங்கையில் 1996 முதல் சுவநாரி நிலையங்கள் இயங்குகின்றன. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது. மகள்மாருக்கு அது காவல். கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கோ பரிசோதனைதான் காவல்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அமரும் தொழிற்சங்கத் தலைவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்கும் முழுப் பேர் போடச் சொல்லுங்கள். எந்த அறுவை நல்லது என்ற கேள்வியைக் கேட்கும் வாய்ப்பாவது அந்த அம்மையாருக்குக் கிடைக்கட்டும்.