கொப்பியும் விசைப்பலகையும்

ஒன்ராறியோ மாகாணம் 2006ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், சேர்த்தெழுதும் ஆங்கிலக் கையெழுத்தைக் கட்டாயமாக்காமல் விட்டது. 2023 செப்ரெம்பரில் மூன்றாம் வகுப்பு முதல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் ஸ்காபரோவில் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: பிள்ளைகள் வகுப்பில் கையால் குறிப்பெடுக்க வேண்டுமா, மடிக்கணினியில் தட்டினால் போதுமா?

கை கட்சிக்காரர் எல்லோரும் தூக்கிப்பிடிப்பது 2014இல் முல்லரும் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வை. மடிக்கணினியில் எழுதிய மாணவர்கள் விரிவுரையாளரின் சொற்களை அப்படியே இறக்கிவைத்தார்கள். கையால் எழுதியவர்களுக்கு அந்த வேகம் இல்லை, சுருக்கவேண்டியிருந்தது. கருத்தைத் தொட்ட வினாக்களுக்கு அவர்களே நன்றாக விடை சொன்னார்கள். 2021இல் ஹெதர் உரியும் சகாக்களும் அதையே திரும்பச் செய்துபார்த்தார்கள். தட்டுபவர்கள் சொல்லுக்குச் சொல் இறக்குவது மறுபடியும் தெரிந்தது. வினாத்தாளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

கை மெதுவானது, ஆகவே மாணவன் சுருக்குவான் என்ற கணக்கு எங்கள் வகுப்பறைகளுக்குப் பொருந்தாது. 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். ஆசிரியர் பாட்டு இயற்றிச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவது மாணாக்கர் வேலை. அதில் ஒரு சீரைக்கூடச் சுருக்க முடியாது. யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் நாங்கள் செய்ததும் அதுதான். மாஸ்ரர் 'நோட்ஸ்' சொல்லுவார். கமாவையும் அவரே சொல்லுவார். அறுபது தலைகள் குனிந்திருக்கும். கையால் எழுதினாலே மூளைக்குள் போய்விடும் என்றால் அந்த அறுபது பேரும் டொக்ரராகியிருக்க வேண்டும். விளங்கிக்கொண்டது வீட்டில், இரவில், அதே குறிப்பைக் கேள்வியும் பதிலுமாக எங்கள் சொல்லில் மாற்றி எழுதியபோது. அந்த வேலையைப் பேனையும் செய்யும், விசைப்பலகையும் செய்யும்.

தமிழை எழுதுவது வேறு கதை. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா, 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்கிய தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். அவருடைய சூட்சுமம் நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து விழும். கையெழுத்தில் கடைசியாக வைக்கும் புள்ளி அங்கே முந்திக்கொண்டது. ஆனால் அந்தப் பொறி கந்தோர்களோடு நின்றது. மாணவர் வாங்குக்கு அது வரவில்லை.

வாங்குக்கு வந்தது கணினி. கூடவே மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தந்த ஒலிமுறை. ஆங்கிலக் 'கே' விசையைத் தட்டினால் க், தொடர்ந்து 'ஏ'யைத் தட்டினால் க. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை, இலக்கணம் படிக்காத விரலே செய்துவிடுகிறது. ஒருவகையில் முத்தையாவின் பொறியைவிட இது தொல்காப்பியருக்குக் கிட்ட!

என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்படித்தான் குறிப்பெடுத்தாள். பிழை குறைவு. ஆனால் ஞ எழுத்தைக் கண்டால் தெரியும் அவளுக்கு, வெறுந்தாளில் போடத் தெரியாது. உருவத்தை விரல் ஒருநாளும் வரையவில்லையே. இதில் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பவர்களும் உண்டு. குறைந்தது என் அம்மாவின் கடிதங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றிய 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை அம்மா கடைசிவரை விடவில்லை. ணையும் லையும் யானைத் தும்பிக்கையோடுதான் வரும். அச்சுத் தமிழை மடமடவென்று வாசிக்கிற பேத்திக்கு அப்பம்மாவின் ஒரு வரி ஓடவில்லை.

பல்கலைக்கழக விரிவுரைகளை அவள் தட்டட்டும். இரவில் தன் சொல்லில் திருப்பி எழுதினால் சரி. தமிழுக்கு மட்டும் பேனை வேண்டும் என்றேன். போன மார்கழி விடுமுறையில் ஒரு கொப்பி வாங்கி, அந்தக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினாள். தும்பிக்கையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கை கண்டுபிடித்த பிறகுதான் கண் வாசித்தது. இதுவரை நாலு கடிதம் முடிந்திருக்கிறது. பெட்டியில் இன்னும் முப்பது வரை இருக்கும்.